முதுகு தேய்க்கக் கற்றுக்கொண்ட கதை

பொண்ணு பொறந்து அஞ்சாம் நாள் ராத்திரி. தஞ்சாவூர், மாமனார் வீடு. குழந்தை வீல்னு கத்துது, பக்கத்துல தங்கமணியும் அழறா. மாமியார், "பால் பத்தல போலிருக்கு, பவுடர் டப்பா வாங்கிட்டு வந்துடுங்க மாப்பிள்ளை" என்றார். நான் என் பங்குக்கு, "எல்லாம் நல்லாத்தானே இருக்கு, எதுக்கு அழற?"ன்னு கேட்டேன். நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்ச மூளை, வேற என்ன கேக்கும்?

மறுநாள் ஆஸ்பத்திரியில ஒரு வயசான நர்ஸம்மா குழந்தையோட எடையைப் பார்த்தாங்க, அது வாய் வைக்கிற விதத்தைச் சரி பண்ணினாங்க. "பால் இருக்கு. இவதான் பயந்து போயிருக்கா. தம்பி, இங்க வந்து கத்துக்குங்க."

தங்கமணியை உட்கார வெச்சு, மேஜை மேல கையை மடிச்சு அதுல தலை சாய்ச்சுக்கச் சொன்னாங்க. ரெண்டு கையையும் மூடிக்கிட்டு, கட்டைவிரலை மட்டும் நீட்டி, முதுகெலும்புக்கு ரெண்டு பக்கமும் (எலும்பு மேல இல்ல!) சின்னச் சின்ன வட்டமா, கழுத்துலேர்ந்து தோள்பட்டை எலும்பு வரைக்கும் தேய்க்கணும். ரெண்டு மூணு நிமிஷம் போதும். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1993-ல் வெளியிட்ட தாய்ப்பால் பயிற்சிப் பாடத்திலேயே இது இருக்குன்னு அப்புறம்தான் படிச்சேன்.

பாலைச் சுரக்க வைப்பது புரோலாக்டின். சுரந்ததை வெளியே தள்ளுவது ஆக்ஸிடோசின். பயம், வலி, கவலைன்னு வந்தா இந்த ரெண்டாவது ஆசாமி கொஞ்ச நேரம் ஸ்ட்ரைக் பண்ணிடுவார். எங்க ஆபீஸ் பாஷையில, ப்ரொடக்ஷன்ல பிரச்சனை இல்ல, டெலிவரியிலதான். (அடிக்க வராதீங்க.)

அன்னிக்கு ராத்திரி தேய்க்கும்போது என் முகம் அவளுக்குத் தெரியல. அதனாலயோ என்னவோ, பேச ஆரம்பிச்சா.

"குழந்தையைப் பார்த்தா பாசமே வரலைங்க. பயமாத்தான் இருக்கு. இதை யார்கிட்ட போய்ச் சொல்றது?"

என் கை நின்னுடுச்சு.

"தேய்ங்க" என்றாள். தேய்ச்சேன். முந்தின நாள் கேட்ட கேள்விக்கு மன்னிப்பு கேட்கலாம்னு வாய் வரைக்கும் வந்தது, கேக்கல.

ஒரே நாள்ல பால் பொங்கிடல. மூணு நாலு நாள் ஆச்சு. அழுகை ரெண்டு வாரத்துக்கு மேல போனா, தேய்ச்சுக்கிட்டே இருக்காம டாக்டர்கிட்ட கூட்டிட்டு வரணும்னு நர்ஸம்மா கறாரா சொல்லியிருந்தாங்க. காலண்டர்ல வட்டம் போட்டு வெச்சிருந்தேன். நல்லவேளை, பத்தாம் நாள் வாக்குல அழுகை அடங்கிடுச்சு.

இப்ப பொண்ணுக்கு நாலு மாசம். நேத்து ராத்திரி தங்கமணி மேஜையில தலையைச் சாய்ச்சுக்கிட்டு, "பாலெல்லாம் நல்லாத்தான் வருது. இருந்தாலும் தேய்ங்க" என்றாள்.