ஓ, யு, ஜி, எச்

இந்த நாலு எழுத்தும் இதே வரிசையில் வரும் ஆங்கிலச் சொற்கள். ரஃப் நோட்டில் தமிழில் எழுதிப் பார்க்கிறேன்.

தோ. த்ரூ. ரஃப். காஃப். ப்ளவ். தாட்.

ஒன்றுக்கொன்று முகச்சாயல்கூட இல்லை. ரஃபுக்கும் காஃபுக்கும் மட்டும் ஆய்தம் கேட்கிறது.

ஜி, எச் சும்மா வந்து உட்காரவில்லை. ஒரு காலத்தில் ஒலித்தவை. அடித்தொண்டையில் காற்று உரசி வரும் ஒலி.

ஜெர்மன்காரர் இரவை 'நாஹ்ட்' என்னும்போது இன்றும் கேட்கலாம். மகளை 'டோஹ்டர்' என்னும்போதும். ஸ்காட்லாந்தில் ஏரிக்கு 'லோஹ்'.

இங்கிலாந்தில் 'நைட்', 'டாட்டர்'. ஒலி போய்விட்டது. எழுத்து போகவில்லை.

சில சொற்களில் அடியோடு போனது. சிலவற்றில் எஃப் ஆனது. வட்டாரத்துக்கு ஒரு பேச்சு இருந்திருக்கிறது. பொதுப்பேச்சு இங்கிருந்து ஒன்று, அங்கிருந்து ஒன்று எடுத்துக்கொண்டது.

பிசைந்த மாவு 'டோ'. வட இங்கிலாந்தில் அதுவே 'டஃப்'. 'ப்ளம் டஃப்' என்று ஒரு புட்டிங். அடுப்படியில் அந்தப் பேச்சு பிழைத்துக்கொண்டது. எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது.

1476. வெஸ்ட்மின்ஸ்டரில் காக்ஸ்டன் அச்சுக்கூடம் வைக்கிறார். அச்சில் எழுத்துக்கூட்டு மெல்ல மெல்ல உறைகிறது. வாய் உறையவில்லை.

விக்கல், 'ஹிக்கப்'. முதலில் ஒலிப்படியேதான் எழுதினார்கள். இதுவும் இருமல் சாதிதான் என்று நினைத்து, பின்பாதியில் 'காஃப்' எழுத்துகளை மாட்டிவிட்டார்கள். வாய் ஒத்துக்கொள்ளவில்லை. ஜி, எச் வந்த இடத்தில் 'ப்' என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

லண்டனுக்கு மேற்கே ஓர் ஊர், 'ஸ்லவ்'. பாம்பு உரித்த சட்டை 'ஸ்லஃப்'. எழுத்து மாறாது.

டிக்டேஷனில் 'தாட்' தப்பாக எழுதிய பிள்ளைக்கு மார்க் குறைக்கிறோம். குறைக்கவே கூடாது. காது கேட்டதைத்தான் கை எழுதியது.

ஆனால் அந்த எழுத்துகளை வெட்டி எறியவும் எனக்கு மனம் வரவில்லை.

1906. அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட். 300 சொற்களை எளிய எழுத்துக்கூட்டில் அச்சிட அரசு அச்சகத்துக்கு உத்தரவு. 'தோ', 'த்ரூ' எல்லாம் அந்தப் பட்டியலில். காங்கிரஸில் எதிர்ப்பு. அதே ஆண்டில் வாபஸ்.

சிகாகோ டிரிப்யூன் நாளிதழ் 1934இல் எளிய எழுத்துக்கூட்டைத் தானாகவே ஆரம்பித்தது. 1975இல் விட்டுவிட்டது. நாற்பது ஆண்டு வாசித்தும் வாசகருக்குப் பழகவில்லையா?

'டிரைவ் த்ரூ' பலகையில் மட்டும் குட்டை 'த்ரூ'. அங்கே யாரும் உத்தரவு போடவில்லை.

லெஸ்டர்ஷயரில் லஃப்பரா. ஒரே ஊர்ப்பெயரில் நாலெழுத்தும் இரண்டு தடவை. முதல் தடவை எஃப். இரண்டாம் தடவை வெறும் 'அ'.

வடக்கே மிடில்ஸ்பரா. அதே 'பரா'. எழுத்தில் ஓர் ஓ குறைவு. ஏன் என்று அந்த ஊர்க்காரரைத்தான் கேட்க வேண்டும்.