பழைய வண்டியும் புதிய பிரேக்கும்

அமெரிக்க நாட்டின் நாட்டுப்புறச் சாலைகளில் செல்வோர் ஒரு வகை வண்டியை அடிக்கடி காண்பர். முன்னால் இருவரோ மூவரோ அமரும் சிறு அறை. பின்னால் வைக்கோலோ மரமோ கன்றுக்குட்டியோ ஏற்றத்தக்க திறந்த தொட்டி. அதற்குப் 'பிக்கப்' என்று பெயர். நம் ஊரில் மாட்டுவண்டி உழவர் குடும்பத்துக்கு எத்தகைய துணையாக இருந்ததோ, அத்தகைய துணை அந்நாட்டு உழவனுக்கு இவ்வண்டி. முற்காலத்தில் பலர் தங்கள் காரின் பின்பகுதியைத் தாங்களே அறுத்து, மரப்பலகையால் தொட்டி செய்துகொண்டனர். 1925ஆம் ஆண்டில் ஃபோர்டு நிறுவனம் தனது 'மாடல் டி' காரில் அத்தொட்டியைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி, 281 டாலர் விலைக்கு விற்கத் தொடங்கியது. 1948இல் 'எஃப்' வரிசை லாரிகள் வந்தன. 1953 முதல் அவற்றுள் சிறியதற்கு 'எஃப்-100' என்ற பெயர் வழங்கலாயிற்று.

அந்த எஃப்-100 வரிசையில் 1965ஆம் ஆண்டு செய்யப்பட்ட வண்டி ஒன்று ஆறு ஆண்டுகளாக எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. தூத்துக்குடியில் பிறந்த நான், தொழிலின் பொருட்டு வட ஒஹையோ மாநிலத்தில் குடியேறியவன். எங்களுக்கு மூன்று வீடு தள்ளி வாழும் முதியவர் ஒருவருடைய தந்தை அதைப் புதிதாக வாங்கினாராம். தந்தைக்குப் பின் மகன் ஓட்டினார். அவருடைய பிள்ளைகள் தொலைவிலுள்ள நகரங்களுக்குச் சென்றுவிட்டனர். ஒருவருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. பழைய இரும்புக்கு விற்க மனமின்றி, சிறு தொகை பெற்றுக்கொண்டு அவர் எனக்குத் தந்தார். தரும்போது ஒரு நிபந்தனையும் விதித்தார்.

"கதவில் என் தந்தை தம் கையாலேயே எழுதிய பண்ணையின் பெயர் இருக்கிறது. அதன்மேல் வண்ணம் பூசாதீர்கள். உள்ளே இருப்பதையும் மாற்றாதீர்கள். செய்தவன் எப்படிச் செய்தானோ அப்படியே இருக்கட்டும்."

நான் மனமுவந்து ஒப்புக்கொண்டேன். பழைய வண்டிகளைப் பேணுவோரில் இரு சாரார் உண்டு. கண்ணாடிபோல் மெருகேற்றிக் கண்காட்சிக்கு மட்டும் எடுத்துச் செல்வோர் ஒரு சாரார். கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே புத்தம்புது என்ஜினை வைத்து விரைவோர் மற்றொரு சாரார். இவ்விரு வழியும் எனக்கு உகந்தவையல்ல. சரக்கு ஏற்றுவதற்கென்று பிறந்த வண்டி சரக்கு ஏற்றவேண்டும் என்பதே என் எண்ணம்.

முதற்பகை துரு. ஈரி ஏரியை அடுத்த இப்பகுதியில் குளிர்காலத்தில் பனி உறைந்து சாலைகள் வழுக்கும். உப்புத் தூவினால் நீர் உறையும் வெப்பநிலை தாழ்வதால், பனி இளகிவிடும். அதற்கான உப்புக்கு எங்கும் போகவேண்டியதில்லை. கிளீவ்லாந்து நகரத்தை ஒட்டி, அந்த ஏரிக்கு அடியில் ஏறக்குறைய 1,800 அடி ஆழத்தில் உப்புச் சுரங்கமே இருக்கிறது. கடற்கரையில் உப்பளங்களின் நடுவே வளர்ந்தவனுக்கு, ஏரிக்கு அடியிலிருந்து உப்பை வெட்டி எடுக்கிறார்கள் என்று கேட்டபோது முதலில் நம்பிக்கை வரவில்லை. ஆனால் உப்பு இரும்பை என்ன செய்யும் என்பதை எனக்கு எவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஊரில் சன்னல் கம்பிகள் விரலால் நொறுங்குவதைச் சிறுவயதிலேயே கண்டவன் நான்.

வண்டியின் தரைத்தகடு, கதவுக்குக் கீழுள்ள நீளப்பட்டை, அறையின் பின் மூலைகள், அறையைச் சட்டத்தோடு பிணைக்கும் தாங்கிகள் ஆகியவையே முதலில் அரிபடும் இடங்கள். மண்ணும் உப்பும் தங்கி ஈரம் காயாத இடங்கள் அவையே. எங்கள் வண்டியில் ஓட்டுநரின் காலடியில் ஒரு விரிப்பு கிடந்தது. அதைத் தூக்கியவுடன் கொட்டகையின் தரை தெரிந்தது! அரித்ததை வெட்டி எடுத்து, புதிய தகட்டை வளைத்துப் பற்றவைக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இக்காலத்து வண்டிகளைப் போலன்றி, அந்நாளைய இவ்வண்டியில் பெட்ரோல் தொட்டி இருக்கைக்கு நேர் பின்னால், மனிதர் அமரும் அறைக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே வெல்டிங் பொறி பறக்குமுன் அத்தொட்டியைக் கழற்றிக் கொட்டகைக்கு வெளியே கொண்டுபோய்விட வேண்டும். காலியாக இருக்கிறதே என்று விட்டுவிடலாகாது. நிறைந்த தொட்டியைவிட, ஆவி மட்டும் தங்கிய காலித் தொட்டியே தீப்பற்றி வெடிப்பதில் கொடியது.

என்ஜினைப் பற்றி எழுதுவது எனக்கு இன்பமான வேலை. ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர்கள். 300 கன அங்குலம், அதாவது 4.9 லிட்டர். 1965இல் அறிமுகமாகி 1996 வரை ஃபோர்டு லாரிகளில் பொருத்தப்பட்ட என்ஜின் இது. வால்வுகளை இயக்கும் தண்டைச் சுழற்ற இதில் சங்கிலி கிடையாது. பற்சக்கரத்தோடு பற்சக்கரம் நேராகப் பொருந்தியிருக்கிறது. விரைவில் ஓடாது, ஆனால் பாரத்தை இழுக்கும். மூடியைத் திறந்தால் இருபுறமும் தரை தெரியும் அளவுக்கு இடம் உண்டு. கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், பிளக் ஆகிய ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கும் எட்டுகிறது. இன்றைய வண்டிகளில் கணிப்பொறியைக் கேட்டே நோயறிய வேண்டும். இதிலோ, சத்தத்தையும் மணத்தையும் கொண்டே பாதி அறியலாம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்டின் இடைவெளியைத் தகட்டளவு கொண்டு சரிசெய்தால், இருமிக்கொண்டிருந்த என்ஜின் அமைதி அடைந்துவிடுகிறது.

ஆயினும் காலம் மாறியதற்கேற்பச் சிலவற்றைச் செய்தே ஆகவேண்டும். அந்நாளில் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது; அது வால்வு அமரும் இடங்கள் தேயாமல் காத்தது. உடல்நலத்துக்குக் கேடு என்பதால் அமெரிக்காவில் சாலை வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் 1996 தொடக்கத்தோடு முற்றிலும் ஒழிந்தது. அதனால் சிலிண்டர் தலையைக் கழற்றியபோது, கடைசல் பட்டறை ஒன்றில் கொடுத்து, கடினமான எஃகு வளையங்களை வால்வு இருக்கைகளில் பதிக்கச் செய்தேன். இன்றைய பெட்ரோலில் பத்தில் ஒரு பங்கு வரை எத்தனால் கலக்கிறார்கள். அது பழைய ரப்பர் குழாய்களை இளக்கிவிடும். அவற்றையும் மாற்றினோம். எண்ணெயிலும் கவனம் வேண்டும். துத்தநாகச் சேர்க்கை மிகுந்த எண்ணெயே இத்தகைய பழைய என்ஜினின் டேப்பட்டுகளுக்கு ஏற்றது. இவற்றையெல்லாம் முதியவர் தடையின்றி ஏற்றார். வெளியே தெரியாதவைதாமே!

பிரேக்கில்தான் எங்களுக்குள் கருத்து வேற்றுமை எழுந்தது.

இவ்வண்டியின் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே ஓர் அறை. மிதியை அழுத்தினால் ஒரே பிஸ்டன் நகர்ந்து, ஒரே திரவத்தின் அழுத்தம் நான்கு சக்கரங்களுக்கும் செல்கிறது. நான்கு சக்கரங்களில் எங்கேனும் ஒன்றில் சிலிண்டர் கசிந்தாலோ, நெடுகச் செல்லும் எஃகுக் குழாயில் ஓரிடம் துருவால் ஓட்டையானாலோ, மிதி தரையைத் தொட்டுவிடும்; நான்கு சக்கரங்களிலும் ஒருசேரப் பிரேக் போய்விடும். கம்பியால் இயங்கும் நிறுத்துப் பிரேக் மட்டுமே மிஞ்சும். இக்குறையை நீக்க, முன் சக்கரங்களுக்கு ஓர் அறை, பின் சக்கரங்களுக்கு ஓர் அறை என்று இரட்டைச் சிலிண்டர் வந்தது. 1967ஆம் ஆண்டு மாடலில் இவ்வரிசை லாரிகளிலும் அது இடம்பெற்றது. 1968 முதல் புதிய கார்களுக்கு அமெரிக்கச் சட்டமே அதை வலியுறுத்தியது. நம் வண்டி அதற்கு இரண்டாண்டு மூத்தது.

அடுத்த தலைமுறை வண்டியின் இரட்டைச் சிலிண்டரைச் சிறு மாற்றங்களோடு இதில் பொருத்தலாம் என்று நான் கூறினேன். முதியவர் முகம் சுருங்கியது. "என் தந்தையும் நானும் இந்தப் பிரேக்கை நம்பி ஓட்டினோமே, அது போதாதா?" என்றார். நான் வாதிடவில்லை. பின்புறச் சட்டத்திலிருந்து கழற்றிய பழைய பிரேக் குழாயை அவர் கையில் கொடுத்தேன். வெளியே தெரிந்த பகுதியெல்லாம் நன்றாகவே இருந்தது. சட்டத்தோடு பற்றியிருந்த கொக்கியின் அடியில் மட்டும், ஈரம் தங்கி, தாள்போல் மெலிந்திருந்தது. அவர் நகத்தால் கீறினார். நகம் உள்ளே சென்றது.

நெடுநேரம் அவர் பேசவில்லை. பிறகு, மறைந்த தம் மனைவியைப் பற்றிச் சொன்னார். ஒருநாள் அந்த அம்மையார் சரிவில் இறங்கி வரும்போது மிதி தரைக்குப் போய்விட்டதாம். சாலையைவிட்டுத் திருப்பிச் சோளக்கொல்லைக்குள் ஓட்டி, அங்கே நின்றாராம். இவர் கசிந்த சிலிண்டரை மாற்றினார். அத்தோடு காரியம் முடிந்தது என்று எண்ணினார். "அதற்குப் பிறகு அவள் இந்த வண்டியைத் தொடவே இல்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை" என்றார். எழுந்து போகும்போது, "இரட்டையாகவே போடுங்கள். பழையதை எறிந்துவிடாதீர்கள்" என்று மட்டும் கூறினார்.

புதிய குழாய்களுக்குத் தாமிரமும் நிக்கலும் கலந்த உலோகத்தைத் தேர்ந்தேன். அது துருப்பிடிக்காது, கையாலேயே வளையும். பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால், டிரம்முக்குள் படிந்த தூளைக் காற்றடித்து ஊதாமல் நனைத்தே துடைத்தோம். மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் கோலுக்கும் பிஸ்டனுக்கும் இடையே சிறிது தளர்வு இருக்கவேண்டும். இல்லையேல் மிதியை விட்டாலும் பிரேக் முழுதும் விடாது, டிரம் சூடேறும். இத்தளர்வைச் சரிசெய்யவே ஒரு முழு மாலைப்பொழுது சென்றது.

கடைசியாகக் குழாய்களிலிருந்து காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இருவர் தேவை. அப்போது பதினான்கு வயதான என் மகன் உள்ளே அமர்ந்து மிதிக்க, நான் சக்கரத்தின் பின்னால் படுத்து, காற்று வெளியேறும் திருகைத் திறந்து மூடினேன். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள பின் வலச் சக்கரத்தில் தொடங்கி, அண்மையிலுள்ள முன் இடச் சக்கரத்தில் முடிக்க வேண்டும். வீட்டில் நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் விடை சொல்லும் பிள்ளை அவன். அன்று "மிதி", "பிடி", "விடாதே", "இப்போ விடு" என்ற சொற்கள் வண்டியின் அடியிலிருந்து போய்க்கொண்டே இருந்தன. மூன்றாவது சக்கரத்துக்கு வந்தபோது, "பிடிச்சிட்டேன், அப்பா" என்ற குரல் மேலிருந்து வந்தது. நான் திருகைத் திறக்கச் சற்றுத் தாமதித்தேன். "அப்பா, கால் வலிக்குது" என்றான்.

அவனுக்குப் பதினாறு நிறைந்து ஓட்டுநர் உரிமம் பெற்றபோது, இவ்வண்டியை ஓட்டலாமா என்ற வினா எழுந்தது. என் மனைவி மருத்துவமனையில் செவிலியாகப் பணிபுரிபவள். விபத்தில் சிக்கியவர்கள் வந்து சேரும் நிலையைக் கண்டவள். "வண்டியின் வயதை நீங்கள் மதிக்கிறீர்கள். பிள்ளையின் வயதையும் மதிக்க வேண்டாமா?" என்று கேட்டாள். அவள் சொன்னதில் பொருள் இருந்தது. பிரேக்கை இரட்டிப்பாக்கினாலும் இது 1965ஆம் ஆண்டு வண்டிதான். மோதும்போது விரியும் காற்றுப்பை இல்லை. பின்னால் பெட்ரோல் தொட்டி. எங்களிடம் வந்தபோது இருக்கையில் பட்டையே கிடையாது. புதிதாகப் பற்றவைத்த தரையில் தடித்த இரும்புத் தகடு வைத்து இடுப்புப்பட்டை பொருத்தியிருக்கிறோம். பட்டையின் வலிமை, அது பிணைக்கப்பட்ட தரையின் வலிமையளவே என்பதால், தரையை முதலில் சீர்செய்தது நல்லதாயிற்று.

இறுதியில் என் மனைவியே விதிகளை வகுத்தாள். பகலில் மட்டும், நெடுஞ்சாலையில் கூடாது, மணிக்கு நாற்பது மைலுக்கு மேல் கூடாது, மழையில் கூடாது, உடன் தோழர்களை ஏற்றக்கூடாது. மகன் முதலில் முணுமுணுத்தான். ஆனால் முதல்நாள், முதியவரைப் பக்கத்தில் அமர்த்தி, தோட்டத்துக்கு எரு வாங்கப் போய்வந்தபின் முணுமுணுப்பு நின்றுவிட்டது. வழிநெடுக அவர் ஒரு சொல்லும் பேசவில்லையாம்; ஆனால் அந்தச் சரிவு வந்தபோது, தம் வலக்காலைத் தரையில் ஊன்றி அழுத்தினாராம்.

சாலையில் முதல் உப்பு விழுந்தவுடன் வண்டி கொட்டகைக்குள் போய்விடும். வசந்தத்தின் மழை உப்பைக் கழுவிய பின்னரே வெளிவரும். ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றம். முன் அச்சின் கிரீஸ் முனைகளுக்கு ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால், இரண்டாண்டுக்கு ஒருமுறை அதை முழுதும் மாற்றுகிறோம். கதவின் எழுத்தைத் துணியால் துடைப்பதோடு சரி. பழைய மாஸ்டர் சிலிண்டர் எண்ணெய்த் துணியில் சுற்றப்பட்டு அலமாரியில் இருக்கிறது.

சென்ற வாரம் பின் வலச் சக்கரத்தின் உட்புறத்தில் சிறிது ஈரம் இருப்பதை மகன் கண்டு சொன்னான். அச்சின் எண்ணெயா, பிரேக் திரவமா என்பது டிரம்மைக் கழற்றினால்தான் தெரியும். வரும் சனிக்கிழமை கழற்றுகிறோம். அதுவரை சாவி என் மனைவியிடம் இருக்கிறது.