பனிக்காலத்தில் நியூயார்க்கின் குப்பை லாரிகள்

நியூயார்க் நகரத்தில் வீட்டுக் குப்பையை அள்ளுகிறவர்களும் தெருப் பனியைத் தள்ளுகிறவர்களும் வேறு வேறு ஆட்கள் அல்லர். இரண்டு வேலையும் நகரத் துப்புரவுத் துறையினுடையவை. தொழிலாளியும் அவரே, பெரும்பாலும் லாரியும் அதே லாரிதான். கடைகள், அலுவலகங்களின் கழிவைத் தனியார் வண்டிகள் எடுத்துச் செல்கின்றன. வீடுகளும் பள்ளிகளும் வெளியே வைப்பது இந்தத் துறைக்கு வருகிறது. நாளொன்றுக்கு அது சுமார் 12,000 டன். பனி கொட்டிய மறுநாள் குப்பை வண்டி ஏன் வரவில்லை என்று கேட்கும் வீட்டுக்காரருக்கு விடை எளிது: அந்த வண்டி அடுத்த தெருவில் பனி தள்ளிக்கொண்டிருக்கிறது. இந்த முன்னுரிமை சரியானதுதான். ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் போக முடியாத தெருவில் குப்பை லாரியும் போக முடியாது.

இந்த ஏற்பாடு பழையது. 1881இல் தெருத் துப்புரவுக்கென்று தனித் துறை அமைந்தபோது குதிரைச் சாணம், அடுப்புச் சாம்பல், பனி எல்லாமே அதன் தலையில் விழுந்தன. 1895இல் பொறுப்பேற்ற ஜார்ஜ் வேரிங் கட்சிக்காரர்களின் தலையீட்டை விலக்கி, ஊழியர்களுக்கு வெள்ளைச் சீருடை கொடுத்தார். துறைக்கு மரியாதை வந்தது அப்போதுதான். அன்று பனியை வண்டிகளில் ஏற்றி ஆற்றில் கொட்டினார்கள். இன்று பெரும்பனி பெய்தால், ஒதுக்கிய பனியை உருக்கும் இயந்திரங்களில் போட்டு நீரைச் சாக்கடையில் விடுகிறார்கள்.

நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை பனிப் பருவம். அது தொடங்குமுன் ஒவ்வொரு கராஜிலும் ஒரு பகுதியினர் இரவு வேலைக்கு மாற்றப்படுகிறார்கள். பணிமூப்பு குறைந்தவர்களுக்கே அது பெரும்பாலும் வாய்க்கும். பனி விழத் தொடங்கியதும் உப்பு லாரிகள் கிளம்பும். உப்பு நீரின் உறைநிலையைக் குறைப்பதால் பனி சாலையோடு ஒட்டிக்கொள்வதில்லை. தரையில் 2 அங்குலம் சேர்ந்துவிட்டால் உப்பு மட்டும் போதாது. குப்பை லாரிகளின் முகப்பில் வளைந்த இரும்புக் கலப்பையைப் பொருத்தி, பின் சக்கரங்களுக்குச் சங்கிலி பூட்டி இறக்குகிறார்கள். சங்கிலி பூட்டுவது குளிரில் விரல்களை வாட்டும் வேலை. அதைத் தளர்வாக விட்டால் ஓட்டத்தில் கழன்று லாரியின் அடிப்பாகத்தையே அடித்துச் சேதப்படுத்தும். பூட்டாமல் போனால் அத்தனை எடையும் ஏற்றத்தில் வழுக்கும். புயல் பெரிதென்றால் வேலை நேரம் 12 மணி, 12 மணியாக இரண்டாகப் பிரியும். பனி அகலும்வரை குப்பை காத்திருக்கும்.

பனி நின்ற பிறகுதான் தொழிலாளியின் கடினமான நாட்கள் தொடங்குகின்றன. காரணம் நகரத்தின் வரைபடத்திலேயே இருக்கிறது. 1811இல் மான்ஹாட்டனுக்குத் தெருக்கட்டம் வகுத்தவர்கள் கட்டடங்களுக்குப் பின்னால் சந்து விடவில்லை. சிகாகோவில் குப்பை பின்சந்தில் நிற்கிறது. இங்கே அது நடைபாதை விளிம்புக்கு வந்தாக வேண்டும். கலப்பை பனியை ஒதுக்குவதும் அதே விளிம்பில்தான். ஆகவே வெளியே வைத்த பைகளின் மேல் பனி பெய்து, அதன் மேல் கலப்பை தள்ளிய பனியும் ஏறி, இரவுக் குளிரில் இறுகிவிடும். சுவரில் பதித்த கல்லைப் பிடுங்குவது போலத்தான் அதற்குப் பிறகு பையை எடுக்க முடியும். இழுத்தாலும் கிழிகிறது, மண்வெட்டியால் சுற்றிக் கொத்தினாலும் கிழிகிறது. உள்ளே உடைந்த கண்ணாடி இருக்கலாம், ஊசி இருக்கலாம். நனைந்த கையுறைக்குள் விரல்கள் மரத்துப்போனால் எது குத்தியது என்பதுகூட உடனே தெரியாது.

எடுத்த பையோடு இடுப்பளவுப் பனிமேட்டில் ஏறி இறங்கி, நிறுத்தியிருக்கும் கார்களின் இடுக்கில் நுழைந்து, லாரியின் பின்வாயில் எறிய வேண்டும். இப்படி ஒரு தெருவில் நூறு முறை. 1980களுக்கு முன் ஒரு லாரிக்கு மூன்று பேர், இப்போது இருவர். பனியில்லாத நாளிலேயே இருவருமாகச் சுமார் 10 டன் தூக்குகிறார்கள். நியூயார்க் பல்கலைக்கழக மானுடவியலாளர் ராபின் நேகல் இத்துறையில் தாமே தொழிலாளியாகச் சேர்ந்து உழைத்து, 2013இல் ‘பிக்கிங் அப்’ என்ற நூலை வெளியிட்டார். சீருடை அணிந்ததும் தொழிலாளி தெருவில் போகிறவர்களின் கண்ணுக்குப் படாதவராகிவிடுகிறார் என்பது அதில் அவர் அழுத்திச் சொல்வது. வண்டி வராமல் போகும் வாரத்தில் மட்டும் எல்லோரும் அவரைத் தேடுகிறார்கள்.

2010 டிசம்பர் 26 அப்படிப்பட்ட வாரத்தின் தொடக்கம். சென்ட்ரல் பார்க்கில் 20 அங்குலப் பனி பதிவானது. பனி அவசரநிலை அறிவிக்கப்படாததால் கார்களும் பேருந்துகளும் நடுத்தெருவில் சிக்கிக்கொண்டன. கலப்பை லாரிகள் அவற்றின் பின்னால் நின்றன. குப்பை எடுப்பது ஏறத்தாழ ஒரு வாரம் நின்றுபோக, கிறிஸ்துமஸ் குப்பையும் சேர்ந்து பைகள் மலைபோல் குவிந்தன. தொழிலாளர்கள் வேண்டுமென்றே சுணங்கினார்கள் என்று பழி எழுந்தது. 2011இல் நகர விசாரணைத் துறை, திட்டமிட்ட சுணக்கத்துக்கு ஆதாரம் இல்லை என்று முடிவு சொன்னது. இரவு பகலாக லாரிக்குள் கிடந்தவர்கள் மேல் அந்தப் பழி விழுந்திருக்கவே கூடாது. அதன் பிறகு லாரிகளின் இருப்பிடத்தைக் காட்டும் கருவிகள் வந்தன. எந்தத் தெருவில் எப்போது கலப்பை போனது என்பதை இப்போது யாரும் வரைபடத்தில் பார்க்கலாம்.

விடுமுறைகளின் கணக்கு வேறு. நன்றி நவிலும் நாள், கிறிஸ்துமஸ், புத்தாண்டு ஆகிய நாட்களில் வண்டி வருவதில்லை. ஆனால் குப்பை கூடுவது அந்த நாட்களில்தான். அட்டைப்பெட்டி, பரிசு சுற்றிய தாள், விருந்து மிச்சம் எல்லாம் மறுநாள் ஆட்களின் தோளில் ஏறுகின்றன. ஜனவரியில் கிறிஸ்துமஸ் மரங்கள் தெருவுக்கு வரும். விளக்குச் சரம், ஜிகினா, அடித்தாங்கி எல்லாவற்றையும் நீக்கி, பையில் கட்டாமல் வைக்கச் சொல்கிறார்கள். மரங்களைச் சிறு துண்டுகளாக நறுக்கிப் பூங்காச் செடிகளுக்கு மூடாக்காக இடுகிறார்கள். ஜிகினா கலந்தால் அந்த மண் கெடும்.

2024 நவம்பர் 12 முதல், ஒன்பது வீடுகள்வரை உள்ள கட்டடங்கள் குப்பையை மூடியுள்ள தொட்டியில்தான் வைக்க வேண்டும். பை பனியில் உறைந்து கிழிவது இதனால் குறையும். தொட்டி பனிமேட்டுக்குப் பின்னால் சிக்குவது குறையாது. பகலில் பனி நின்றால் 4 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் தம் நடைபாதையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று நகரச் சட்டம் சொல்கிறது. மண்வெட்டி கையில் இருக்கும்போதே இன்னும் ஐந்து நிமிடம் செலவிட்டு, தொட்டிக்கும் தெருவுக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கும் அகலத்துக்கு வழி வெட்டிவிடுங்கள். உடைந்த கண்ணாடியைத் தடித்த தாளில் சுற்றிப் போடுங்கள். காகிதமும் பாட்டிலும் வீட்டுக்குள் ஒரு வாரம் இருந்தால் கெடாது. முதல் வண்டிக்கு உணவுக் குப்பையை மட்டும் வையுங்கள்.