மூன்று போர்ட் போதுமாயிருந்தது

2004-இல் திருவனந்தபுரம் பட்டத்தில் ஒரு சோதனைக்கூடத்தில் நிரல் எழுதும் வேலை. நாகர்கோவிலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போவேன். ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனின் இந்திய அமைப்பு 2001-இல் இந்த ஊரில்தான் தொடங்கியது. அந்தச் சூட்டில் எங்கள் கூடமும் லினக்ஸுக்கு மாறியிருந்தது.

மாறாமல் நின்றது ஒன்றுதான்: வெப்பநிலைக் கருவியைப் படிக்கும் பழைய டாஸ் நிரல். கருவி பிரின்டர் போர்ட்டில் மாட்டியிருந்தது. டாஸில் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நிரல் 378 என்ற முகவரிக்கு நேராக எழுதும், 379-இல் விடையைப் படிக்கும். லினக்ஸில் அப்படித் தொட்டால் பிராசசரே தடுத்துவிடும். இயங்குதளம் அந்த நிரலை அங்கேயே முடித்துவிடும்.

முறையாகக் கேட்க வழி உண்டு. ஐஓபெர்ம் என்ற அழைப்பில், எந்த போர்ட்டிலிருந்து எத்தனை என்று சொன்னால் அவ்வளவுக்கு மட்டும் அனுமதி கிடைக்கும். எனக்கு வேண்டியது மூன்று. நான் வாங்கியது ஐஓபிஎல். அது 65,536 போர்ட்டையும் மொத்தமாகத் திறந்துவிடும். இன்டரப்டை நிறுத்தும் சிஎல்ஐ கட்டளைக்கும் அன்று உரிமை தந்தது. நேரக் கணக்குப் பிசகாமலிருக்கப் பழைய நிரலில் சிஎல்ஐ இருந்தது. லினக்ஸுக்கு மாற்றி எழுதியபோது அதையும் அப்படியே கொண்டுவந்தேன். வேலை சீக்கிரம் முடிந்தது, பாராட்டும் கிடைத்தது.

ஒரு மதியம் கருவியின் கேபிள் கழன்றுவிட்டது. 379-இல் வரவேண்டிய பிட் வரவில்லை. இன்டரப்ட் எல்லாவற்றையும் நிறுத்திவைத்துக்கொண்டு நிரல் காத்திருந்தது. கீபோர்டு, கடிகாரம், நெட்வொர்க் எதுவும் உள்ளே நுழைய முடியவில்லை. கேப்ஸ் லாக் விளக்குகூட எரியவில்லை. பவர் பட்டனை அழுத்தி அணைத்தேன்.

பக்கத்து அறையிலிருந்து ஒரு சேச்சி அதே கணினியில் உள்நுழைந்து, காலையிலிருந்து அளவீடுகளை ஏற்றிக்கொண்டிருந்தார். வந்து திரையைப் பார்த்தார். "எல்லாம் போயி, அல்லே?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலை நான் எண்களை வாசிக்க வாசிக்க, அவர் மறுபடி தட்டினார். என் ரயில் போய்விட்டது.

டாஸில் ஒரு நேரத்தில் ஓடுவது ஒரே நிரல். உறைந்தால் அதன் வேலை மட்டும் போகும். பலர் பங்கிடும் கணினியில் அதே குணத்தோடு ஒரு நிரலை விட்டது என் தப்பு. இயங்குதளத்தின் தடையைத் தொல்லை என்றே எண்ணியிருந்தேன். அது சேச்சியின் உழைப்புக்குப் போட்ட காவல்.

மறுநாளே கெர்னலின் பேரலல் போர்ட் டிரைவர் வழியாக எல்லாவற்றையும் திருப்பி எழுதினேன். இரண்டு வினாடிக்குள் விடை வராவிட்டால் நிரல் எச்சரித்துவிட்டு நிற்கும். 2020-இல் வந்த லினக்ஸ் 5.5, ஐஓபிஎல் வாங்கிய நிரலுக்கும் சிஎல்ஐ உரிமை இல்லை என்று ஆக்கிவிட்டது. ஆனால் பழைய கருவியோடு பழைய கணினியும் அப்படியே ஓடும் கூடங்கள் உண்டு. அப்படி ஒரு நிரல் உங்கள் கைக்கு வந்தால், ஓடவைக்கும் முன் அதில் சிஎல்ஐ எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.