தேடுசொல்லும் கொன்றையும்

சி மொழியில் ஒரு தொடருக்குள் இன்னொரு சிறு தொடரைத் தேடித்தரும் செயற்கூற்றுக்கு 'எஸ்டிஆர்எஸ்டிஆர்' என்று பெயர். ஆங்கிலத்தில் எழுதினால் ஆறெழுத்து. அவற்றில் ஓர் உயிர்கூட இல்லை. மெய்ம்மயக்கம் நடத்துகிற எனக்கு அது நாவில் ஏற மறுக்கும் பெயர்தான். வேலையென்னவோ எளிது. தேடுசொல் முதன்முதலில் பொருந்தும் இடத்திற்கு ஒரு சுட்டியைத் தரும். இல்லையேல் வெற்றுச் சுட்டி. நம் சுட்டெழுத்தைப் போலவே அதுவும் பொருளைத் தருவதில்லை, இருக்குமிடத்தை மட்டும் காட்டுகிறது.

சென்ற ஆண்டு எங்கள் ஆய்வு மாணவர் ஒருவர் குறுந்தொகையின் 401 பாடல்களிலும் பூப்பெயர்களை இதைக்கொண்டு எண்ணியிருந்தார். கொன்றைக்கு நேரே சுழியம். அச்சுழியத்தின்மேல் இரண்டு பக்க விளக்கம் வேறு: கார்காலத்தைச் சொல்ல இத்தொகை கொன்றையை நாடவில்லையாம்! இயல் மறுநாள் ஆய்வுக்குழுவின் முன் போகவேண்டும். கொன்றைப் பாடலை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறவன் நான்.

"ஐயா, நிரல் பொய் சொல்லாதே" என்றார். உண்மைதான், சொல்லவில்லை. கோப்பைத் திறந்து பைட்டுகளைப் பார்த்தோம். ஒருங்குறியில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் 'கொ'. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள். ஆக, மாணவர் தட்டிய கொன்றைக்கு 18 பைட்டுகள், கோப்பிலிருந்த கொன்றைக்கு 21. செயற்கூறு எழுத்தை அறியாது, பைட்டைத்தான் அறியும். இரண்டையும் ஒரே வடிவுக்கு மாற்றிவிட்டுத் தேடியதும் கொன்றை வரிசையாகப் பூத்தது. அந்த இரண்டு பக்கங்களை அன்றிரவே அவர் நீக்கினார்.

ஆனால் சிக்கல் அதோடு தீரவில்லை. 'கல்' என்று தேடினால் 'கல்வி'யும் அகப்படும். 'க' என்று தேடினால் 'க்'கும் வந்து நிற்கும். ஒருங்குறியில் அகரமேறிய ககரமே அடிப்படை, புள்ளி பின்னால் ஒட்டுவது. மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய்யாகும் என்று படித்தவர்களுக்கு இது தலைகீழ்ப் புணர்ச்சி. 'மரம்' என்று தேடினாலோ 'மரத்தை' நழுவிவிடும். அத்துச் சாரியை எந்தச் செயற்கூற்றுக்குத் தெரியும்?

மாணவர் இப்போது நிரலையும் விடவில்லை. அது சுட்டும் ஒவ்வோர் அடியையும் உ.வே.சாமிநாதையரின் 1937ஆம் ஆண்டுப் பதிப்போடு வைத்துப் பார்க்கிறார். அது சுட்டாத அடிகளை என்ன செய்வது என்று கேட்டார். நூலை முதலிலிருந்து படிக்கச் சொன்னேன்.