பெட்ரோலா, டீசலா? ஓடைக்கு அப்பாலுள்ள வீட்டுக்கு ஒரு வண்டி



2023 டிசம்பர் 17, 18 ஆகிய இரு நாள்களைத் தென்மாவட்டத்தார் எவரும் எளிதில் மறந்துவிடமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டு திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களை மூழ்கடித்தது. சங்கரன்கோவிலில் இருக்கும் எங்களுக்கு அத்தகைய அழிவு நேரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். எனினும் ஊருக்குக் கிழக்கே ஆறு கிலோமீட்டர் தள்ளி, கரிசல் காட்டின் நடுவே எங்கள் தோட்டத்து வீடு இருக்கிறது. அதற்கும் தார்ச்சாலைக்கும் இடையில் ஒன்றரைக் கிலோமீட்டர் மண்பாதை, அதன் குறுக்கே ஓர் ஓடை. ஆண்டில் பத்து மாதம் அந்த ஓடையில் ஆடுகள் மேயும். அன்றைய இரவு அதில் இடுப்பளவு தண்ணீர் ஓடியது.

இஷாவுக்குப் பிறகு அத்தாவுக்கு மூச்சிரைப்பு கூடிவிட்டதென்று அம்மா தொலைபேசியில் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் தார்ச்சாலை வரை வந்து நின்றுவிட்டது. ஓட்டுநரைக் குறை சொல்ல வழியில்லை, அவ்வளவு கனமான வண்டியை அந்தச் சேற்றில் எவரும் இறக்கமாட்டார்கள். என்னுடைய சிறிய கார் ஓடையைப் பார்க்கும் முன்பே கரிசலில் புதைந்தது. இறுதியில் பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சி தம் டிராக்டரை எடுத்துவந்தார். நாங்கள் கேட்கவில்லை, வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுத் தாமே வந்தார். டிரெய்லரில் அத்தாவைப் படுக்கவைத்து, தார்ப்பாயை என் இரு கைகளாலும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தேன். அந்த ஒன்றரைக் கிலோமீட்டரைக் கடக்க நாற்பது நிமிடங்கள் ஆயின. நாற்பது நிமிடமும் அத்தாவின் மூச்சை எண்ணிக்கொண்டே வந்தேன்.

அல்லாஹ்வின் அருளால் அத்தா தேறிவிட்டார்கள். ஆனால் ஊருக்குள் வந்து எங்களோடு தங்கச் சம்மதிக்கவில்லை. உளுந்தும் மக்காச்சோளமும் விதைத்த காட்டைவிட்டு இரண்டு தெருக்களுக்கு நடுவிலுள்ள மாடி வீட்டில் அடைந்து கிடக்க அவர்களால் இயலாது. ஆகவே வீடு நகராது, ஓடையும் நகராது, வண்டிதான் மாறவேண்டும். ஃபோர் வீல் டிரைவ் உள்ள சிறிய வண்டியொன்றை வாங்குவதென்று குடும்பத்தார் அமர்ந்து செய்த மஷூராவில் அரைமணி நேரத்தில் முடிவாயிற்று. பெட்ரோலா டீசலா என்ற கேள்விக்குத்தான் ஆறு மாதம் தேவைப்பட்டது.

அத்தாவின் தீர்ப்பு முதல் நாளே வந்துவிட்டது: டீசல். இளமையில் அவர்கள் மகேந்திரா டீசல் ஜீப் ஓட்டியவர்கள். பேருந்து போகாத சிற்றூர்களுக்கு ஆள் ஏற்றிச் சென்று, அந்த ஜீப்பின் வருமானத்தில்தான் எங்களைப் படிக்கவைத்தார்கள். டீசல் என்பது அவர்களுக்கு ஓர் எரிபொருள் மட்டுமன்று, குடும்பம் தலைநிமிர்ந்த கதை. "பெட்ரோல் ஜீப்பு போலீஸ்காரங்களுக்குத்தாம்லே கட்டும், அவங்க கைக்காசையா போடுறாங்க?" என்பார்கள். மாருதி ஜிப்சியை மனத்தில் வைத்துச் சொல்வது அது. 1985-இல் வந்து காவல்துறையிலும் இராணுவத்திலும் நெடுங்காலம் உழைத்த அந்த வண்டி பெட்ரோலில் மட்டுமே ஓடியது.

அத்தாவின் காலத்தில் அது சரியான கணக்குத்தான். டீசல் என்ஜினில் பற்றவைக்க ஸ்பார்க் பிளக் இல்லை. உள்ளிழுத்த காற்றை ஏறத்தாழப் பதினாறில் ஒரு பங்காக அழுத்தும்போது உண்டாகும் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்கிறது. அவ்வளவு அழுத்தம் இருப்பதால் எரிபொருளிலிருந்து கறக்கும் வேலையும் அதிகம். அதோடு ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடப் பத்து விழுக்காட்டுக்கும் சற்று மேலாகவே ஆற்றல் உண்டு. போதாததற்கு விலையும் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது. பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010 ஜூனில் நீங்கியது, டீசலுக்கு 2014 அக்டோபரில்தான் நீங்கியது. இடைப்பட்ட 2012-ஆம் ஆண்டின் நடுவில் இரண்டுக்கும் உள்ள இடைவெளி லிட்டருக்கு முப்பது ரூபாயை எட்டியிருந்தது. அந்நாளில் பெட்ரோல் வண்டி வாங்கியவரை ஊரே வியப்போடு பார்த்தது.

2024-இல் நான் பேனாவும் தாளுமாக அமர்ந்தபோது அந்த இடைவெளி எட்டு ரூபாய்தான். பெட்ரோல் ஏறத்தாழ 101, டீசல் ஏறத்தாழ 93. என் முன்னே இரண்டு வண்டிகள் இருந்தன. ஒன்று மகேந்திரா தார். 2020 அக்டோபரில் விற்பனைக்கு வந்த இந்தத் தலைமுறையில் ஃபோர் வீல் டிரைவோடு 2.0 லிட்டர் பெட்ரோல், 2.2 லிட்டர் டீசல் என இரண்டும் உண்டு. மற்றொன்று 2023 ஜூனில் வந்த மாருதி சுசுகி ஜிம்னி. அதில் 1.5 லிட்டர் பெட்ரோல் மட்டுமே. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபோதே மாருதி டீசல் கார்களை நிறுத்திவிட்டது. இரு வண்டிகளும் நான்கு மீட்டருக்குள் அடங்குபவை, எங்கள் தெருவில் திரும்பக்கூடியவை.

என் ஓட்டம் ஆண்டுக்கு எட்டாயிரம் கிலோமீட்டர். வைத்திருப்பவர்களிடம் கேட்டறிந்தபடி, இத்தகைய ஓட்டத்தில் பெட்ரோல் தார் லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர், டீசல் தார் பன்னிரண்டு, ஜிம்னி பதின்மூன்று. பெட்ரோல் தாருக்கு ஆண்டுச் செலவு ஏறத்தாழ 90,000 ரூபாய், டீசல் தாருக்கு 62,000. ஒரே வண்டியில் இரண்டு என்ஜின் என்றால் டீசல் ஆண்டுக்கு 28,000 ரூபாயை மிச்சப்படுத்துகிறது. அத்தா சொன்னது மெய்தான் என்று எழுந்தவன், ஜிம்னிக்கும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அதுவும் 62,000! மறுமுறை கூட்டினேன், வேறுபாடு ஏறத்தாழ நூற்றைம்பது ரூபாய்தான். ஜிம்னி ஏறத்தாழ 1,200 கிலோ எடை, தார் அதைவிட ஐந்நூறு கிலோவாவது கூடுதல். டீசல் சிக்கனமாக ஈட்டித் தருவதை அந்த இரும்பின் எடை தின்றுவிடுகிறது. பெட்ரோலா டீசலா என்று தொடங்கிய கேள்வி, எவ்வளவு இரும்பைத் தினமும் சுமந்து திரிவது என்ற கேள்வியாக மாறியிருந்தது.

தாளை அத்தாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்துவிட்டு, "ஏலே, இந்தக் கணக்கு ஓடையில வண்டிய இழுக்குமா?" என்றார்கள்.

அதுவும் நியாயமான கேள்வி. தார் டீசலின் இழுவிசை 300 நியூட்டன் மீட்டர், அதுவும் என்ஜின் நிமிடத்துக்கு 1,600 சுற்று சுற்றும்போதே கிடைத்துவிடும். ஜிம்னிக்கு 134 மட்டுமே, அதற்கும் 4,000 சுற்று வேண்டும். மே மாதம் கோடை மழை பெய்த மறுநாள், இராஜபாளையத்திலிருக்கும் நண்பர் தம் டீசல் தாரை எங்கள் ஓடைக்குக் கொண்டுவந்தார். மற்றொருவர் தம் ஜிம்னியோடு வந்தார். தார் யானைபோல் இறங்கி யானைபோல் ஏறியது, என்ஜின் சற்றும் திணறவில்லை. அத்தா என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர இயலாது. அடுத்து ஜிம்னி. லோ கியரில் போட்டதும் சக்கரங்களுக்குப் போகும் இழுவை வெகுவாகக் கூடுகிறது, எனவே சிறிய என்ஜின் என்ற குறை பெரிதாகத் தெரியவில்லை. சத்தமிட்டுக்கொண்டு அதுவும் ஏறிவிட்டது. அது போன தடத்தைப் பார்த்தேன், தாரின் தடத்தைக் காட்டிலும் ஆழம் குறைவு. கரிசலின் இயல்பு அப்படி. ஈரமான கரிசலில் வண்டியை நிறுத்துவது ஆற்றல் குறைவன்று, புதைவுதான். இன்னொன்றையும் சொல்லவேண்டும்: அந்த மண் டயரின் பள்ளங்களில் அப்பிக்கொண்டுவிட்டால் ஃபோர் வீல் டிரைவ் என்பது நான்கு வழுவழுப்பான உருளைகள்தாம், எந்த எரிபொருளும் துணைக்கு வராது. வண்டிக்குச் செலவழிப்பவர்கள் நல்ல டயருக்குக் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள்.

டீசலை நான் கைவிட முதன்மைக் காரணம் இவை எதுவுமன்று. எங்களூர் ஒர்க்‌ஷாப் நண்பர் ஒரு கேள்வி கேட்டார்: "ஒரு நாளில் தொடர்ச்சியாக எத்தனை நிமிடம் ஓட்டுவீர்கள்?" காலையில் கடைக்கு, பிள்ளைகளைப் பள்ளியில் விட, மாலையில் தோட்டத்துக்கு. எதுவும் கால்மணி நேரத்தைத் தாண்டாது. மாதம் ஒருமுறை அத்தாவைத் திருநெல்வேலி மருத்துவரிடம் அழைத்துச் செல்வது மட்டுமே நீண்ட பயணம். இன்றைய டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு, டிபிஎஃப் என்பார்கள். சேர்ந்த கரியை அந்த வடிகட்டி அவ்வப்போது தானே எரித்துச் சுத்தமாக்கிக்கொள்ளும். அதற்குப் புகைபோக்கி நன்கு சூடேற வேண்டும். சூடேற வேண்டுமானால் வண்டி நெடுஞ்சாலையில் பதினைந்து, இருபது நிமிடமாவது ஒரே சீராக ஓட வேண்டும். ஓடாவிட்டால் கரி அடைத்து எச்சரிக்கை விளக்கு எரியும், அதையும் கவனிக்காவிட்டால் செலவு பெரிது. அத்தாவின் ஜீப்புக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. அது கரியை வடிகட்டவில்லை, அப்படியே தெருவில் விட்டது. ஆறு கிலோமீட்டர் வாழ்க்கை வாழ்பவனுக்கு இன்றைய டீசல் பொருந்தாது என்பது எனக்குப் புதிய பாடம். தினமும் நெல்லைக்கோ மதுரைக்கோ சென்றுவருபவராக இருந்திருந்தால் எதிர்மாறாகவே முடிவெடுத்திருப்பேன்.

புகையைப் பற்றியும் ஒரு சொல். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் வகுப்பில் சேர்த்தது. மூச்சுக்குத் திணறும் ஒருவரின் வாசலில் அன்றாடம் நிற்கப்போகும் வண்டி இது. புதிய டீசல்கள் தூய்மையானவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தூய்மை முழுவதும் அந்த வடிகட்டியை நம்பியிருக்கிறது.

எஞ்சியது பணம். என்னிடம் பதின்மூன்று லட்சம் சேர்ந்திருந்தது. நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கையிலேயே ரமளான் வந்து ஆண்டும் நிறைந்துவிட்டது. வாங்கிப் பயன்படுத்தும் வண்டிக்கு ஸகாத் இல்லை, வாங்காமல் வைத்திருக்கும் பணத்துக்கு உண்டு. 32,500 ரூபாயை மனநிறைவோடு கொடுத்தேன். (முடிவெடுக்கத் தாமதித்ததில் ஏழைகளுக்கு உரியது போய்ச் சேர்ந்தது என்று மனைவி சொன்னதில் கேலி பாதி இருந்தது.) பழைய காரை விற்றது 2,80,000. பத்து முதல் இருபது லட்சம் வரை விலையுள்ள கார்களுக்குத் தமிழ்நாட்டில் 18 விழுக்காடு சாலைவரி. அதையும் காப்பீட்டையும் சேர்த்தால் ஜிம்னி ஏறத்தாழப் பதினைந்தரை லட்சத்தில் வீட்டுக்கு வரும், கையிலிருப்பதும் அவ்வளவுதான். டீசல் தாருக்கு மேலும் மூன்று லட்சம் தேவை. அந்த மூன்று லட்சத்துக்கு வங்கியின் வாசலை மிதிக்க வேண்டும்.

மச்சான் ஒரு வழி சொன்னார். தாரிலேயே பின்சக்கரம் மட்டும் இழுக்கும் 1.5 லிட்டர் டீசல் வண்டி மலிவு. நான்கு மீட்டருக்குள், 1,500 சிசிக்குள் அடங்கும் டீசல் என்பதால் அதற்கு வரி குறைவு. தோற்றமும் அச்சாக அதேதான். "பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது மாப்ளே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓடைக்குத் தெரியுமே மச்சான் என்றேன். ஆனால் அன்றிரவு நேர்மையாக என்னை நானே கேட்டுக்கொண்டேன்: பள்ளிவாசல் முன்னே தார் நின்றால் நன்றாக இருக்கும் என்ற எண்ணம் என்னிடமும் இருந்ததா, இல்லையா? இருந்தது. அத்தாவின் மூச்சை முன்னிறுத்தி நான் தேடியதில் அதுவும் ஒட்டிக்கொண்டுதான் வந்திருந்தது. மச்சானே பிறகு மூன்று லட்சத்தை அழகிய கடனாகத் தருவதாகவும் சொன்னார். அவருக்கு இரண்டு பெண்மக்கள் கல்யாண வயதில். அந்தப் பணத்தை என் வாசலில் நிறுத்திவைக்க மனம் ஒப்பவில்லை.

இஸ்திகாரா தொழுதேன். கனவு ஏதும் வரவில்லை. வட்டியும் கடனும் இல்லாத வழி திறந்திருக்க மற்றொன்றைத் தட்ட வேண்டாம் என்ற தெளிவு மட்டும் நிலைத்தது. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த வாரம் ஜிம்னியை எடுத்தோம்.

குறைகள் இல்லாமலில்லை. நால்வர்தான் அமரலாம், பின்னிருக்கையை மடிக்காவிட்டால் இரண்டு உளுந்து மூட்டைகூடத் தாராளமாகப் போகாது. பெட்ரோல் தொட்டி நாற்பது லிட்டர்தான். பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்து வரத் தொடங்கியபின் லிட்டருக்குப் பதின்மூன்று என்ற கணக்கும் சற்றுச் சரிகிறது, எத்தனாலில் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 2025 செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டி மாறி இதே வண்டியின் வரி 45-இலிருந்து 40 விழுக்காடாக இறங்கியபோது, ஓராண்டு பொறுத்திருக்கலாமே என்று ஒரு கணம் மனம் அடித்துக்கொண்டது. ஓராண்டில் ஒரு மழைக்காலம் இருந்ததல்லவா!

சென்ற ஐப்பசியில் மறுபடியும் அத்தாவுக்கு இரவில் மூச்சிரைத்தது. மழை விடாமல் பெய்திருந்தது, ஓடையில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர். இறங்கி நடந்து ஆழம் பார்த்துவிட்டு, லோ கியரில் போட்டு, மெதுவாக இறக்கினேன். தண்ணீரில் பாதி வழியில் அத்தா கண்ணைத் திறந்து, "என்னலே, என்ஜின் நின்னுபோச்சா? சத்தத்தையே காணோம்" என்றார்கள். ஓடுகிறது அத்தா என்றேன். நம்பாமல் டேஷ்போர்டில் உள்ளங்கையை வைத்து அதிர்வைப் பார்த்தார்கள். அக்கரையில் அண்ணாச்சி கையில் டார்ச்சோடு, டிராக்டரை ஸ்டார்ட் செய்தே வைத்துக்கொண்டு நின்றிருந்தார். நாங்கள் மேலேறியதும் கையை உயர்த்திவிட்டு என்ஜினை அணைத்தார். அந்த டீசல் சத்தம் அடங்கும்வரை அத்தா அந்தப் பக்கமே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.