"அது நாடகம், டீச்சர்!"



தோட்டத்துப் பெண்கள் இரவானால் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று குறை சொல்பவர்கள் உண்டு. பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைத் திருத்துகிறவள் என்ற முறையில் அந்தக் குறையில் பாதியை நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால், நாடகம் பார்க்கிற பெண்ணுக்கு நியாய அநியாயம் தெரியாது என்று யாராவது சொன்னால் அதை மட்டும் ஒப்பமாட்டேன்.

2022 பிப்ரவரியில் சன் தொலைக்காட்சியில் 'எதிர்நீச்சல்' தொடங்கியது நினைவிருக்கும். 'கோலங்கள்' எடுத்த திருச்செல்வம்தான் அதற்கும் இயக்குநர். வீட்டுக்கு மூத்தவர் ஆதி குணசேகரன். அவர் வைத்ததே சட்டம். படித்துவிட்டு வந்த மருமகள்களும் அவர் சொல்லைத் தாண்டி வாசற்படி இறங்க முடியாது. மறுநாள் காலையில் எங்கள் தோட்டத்தில் இதே பேச்சுதான். "அந்த மனுஷன் வாய்க்கு ஒருத்தியாவது பதில் சொல்ல வேண்டாமா?" என்று குமுறுவார்கள். அந்த வேடத்தில் நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் காலமானபோது, அன்றாடம் அவரைத் திட்டிய பெண்களே கண்கலங்கியதையும் பார்த்தேன். நடிப்பு வேறு, மனிதர் வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் அவர்கள்.

அந்த நாடகம் ஓடிக்கொண்டிருந்த அதே 2022-ல், நவம்பர் 19ஆம் தேதி, நம் நாட்டின் 15ஆவது பொதுத்தேர்தல் வந்தது. அதற்கு முந்திய தேர்தல்வரை வாக்காளராக வேண்டுமென்றால் நாமே போய்ப் பதிந்துகொள்ள வேண்டும். 2021 டிசம்பர் 15 முதல் அந்த முறை மாறியது. 18 வயது நிறைந்த குடிமக்களின் பெயர் தானாகவே பட்டியலில் ஏறிவிடும். 2018-ல் சுமார் 14.9 மில்லியனாக இருந்த வாக்காளர் தொகை 2022-ல் 21 மில்லியனைத் தாண்டியது. கூடிப்போனவர்கள் எல்லாரும் இளவட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அதுவரை பதிய யாரும் அழைத்துப் போகாத நம் அக்காமார்களும் அதில் இருந்தார்கள்.

எங்கள் தோட்டத்தில் செம்பனை உதிரிப்பழம் பொறுக்கும் அக்கா ஒருவர் அப்படித்தான். வயது ஐம்பத்து நான்கு. நீல அடையாள அட்டை கையில் இருந்தும் ஒரு தடவைகூட வாக்களித்ததில்லை. என் கைபேசியில் அவர் அட்டை எண்ணைப் போட்டுப் பார்த்து, "உங்கள் பெயர் இருக்கிறது அக்கா, நம் பள்ளிக்கூடத்தில்தான் ஓட்டு" என்றேன். மகிழ்ச்சியில் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே, "அதுக்கென்ன டீச்சர், அவரு எதுல போடச் சொல்றாரோ அதுல போட்டுட்டு வந்துடறேன்" என்றார்.

"இதையே அந்த மருமகள்கள் சொன்னால் நீங்கள் சும்மா இருப்பீர்களா?" என்று கேட்டேன்.

அக்கா சிரித்துவிட்டார். "அது நாடகம், டீச்சர்!"

அந்தப் பதில் என்னை வெகுநாள் விடவில்லை. நாடகத்தில் நமக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிகிற நியாயம், நம் வீட்டுக்குள் வந்ததும் ஏன் வாயை மூடிக்கொள்கிறது? அக்காவின் கணவர் குணசேகரன் அல்லர். வெயிலிலும் மழையிலும் உழைத்து நான்கு பிள்ளைகளைக் கரையேற்றியவர். தோட்டத்து வாழ்க்கை அவருக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம் அது. பெரட்டில் மண்டோர் சொன்னால் மறுபேச்சுக் கிடையாது. வீட்டில் ஆண்பிள்ளை சொன்னால் மறுபேச்சுக் கிடையாது. வீட்டுக்கு ஒரு குரல் என்று தலைமுறை தலைமுறையாக வளர்ந்துவிட்டோம். ஆனால் வாக்குச்சீட்டு வீட்டுக்கு ஒன்று என்று கொடுப்பதில்லையே, ஆளுக்கு ஒன்றல்லவா?

வாக்களிப்பு நாளில் உள்ளே நடப்பதை நினைத்துப் பாருங்கள். முதல் குமாஸ்தா அடையாள அட்டையை வாங்கிப் பெயரைச் சரிபார்ப்பார். அடுத்தவர் இடது ஆள்காட்டி விரலில் மை வைப்பார். அதற்கடுத்தவர் வாக்குச்சீட்டைத் தருவார். பிறகு மறைப்புக்குள் போய்ப் பேனாவைப் பிடிக்கும்போது நம்முடன் மண்டோர் இல்லை, தலைவர் இல்லை, கணவரும் இல்லை. பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் தனியாக முடிவெடுத்தே பழகாத பெண்ணுக்கு அரசியல் சாசனம் ஒதுக்கிக் கொடுத்த ஒரு நிமிடம் அது. அதையும் இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டால் நமக்கென்று என்ன மிச்சம்?

சொந்தமாக முடிவெடுப்பது எளிது என்று சொல்லமாட்டேன். நாடகத்தில் வில்லன் வரும்போதே பின்னணி இசை நம்மை எச்சரித்துவிடும். தேர்தலில் அப்படி எந்த இசையும் கேட்பதில்லை. வருகிற எல்லாரும் கைகூப்பித்தான் வருகிறார்கள். அதனால் பேச்சை விட்டுவிட்டுச் செயலைப் பார்க்க வேண்டும். ஐந்து வருடத்தில் எத்தனை தடவை வந்தார்? சாலைக்கும் பள்ளிக்கும் வீட்டுப் பிரச்சினைக்கும் என்ன செய்தார்? ஒரு கதாபாத்திரம் முந்நூறு நாளைக்கு முன் சொன்ன பொய்யை நினைவில் வைத்திருக்கிற நமக்கு இது பெரிய காரியமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேர்தல் சமயத்தில் வருகிற அரிசி மூட்டையையும் ஐம்பது வெள்ளியையும் வாங்கிவிட்டு, "உப்பிட்டவரை மறக்கலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. பசித்த நேரத்தில் தன் பானையில் இருந்து எடுத்துப் போட்டவரைத்தான் அந்தப் பழமொழி சொல்கிறது. ஓட்டுக்காகக் கொடுப்பது உப்பு அல்ல, விலை. 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டத்தின்படி கொடுப்பவர் மட்டுமல்ல, ஓட்டுக்காக வாங்குபவரும் குற்றவாளியே. 2018 மே தேர்தலில் கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 597 வாக்குகள்தான். அங்கே வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டதாகக் கண்டு, தேர்தல் நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பர் 30-ல் அந்த முடிவைச் செல்லாது என்றது. 2019 ஜனவரி 26-ல் மறுபடியும் அந்த மக்கள் வரிசையில் நின்றார்கள். ஏழையின் ஒரு ஓட்டு என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு அந்த 597 பதில் சொல்லும்.

அந்த அக்கா அன்று புதுப்புடவை கட்டிக்கொண்டு காலையிலேயே வந்து வாக்களித்தார். திரும்பும் வழியில் கணவர் ஏதோ கேட்டார். "போட்டாச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். யாருக்குப் போட்டார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. கணவர் சொன்னதற்கே போட்டிருக்கலாம்; யோசித்துப் போட்டிருந்தால் அதுவும் அவர் ஓட்டுத்தான்.

அண்ணன்மார்களே, அக்காமார்களே! அடுத்த தேர்தல் வரும்போது வீட்டில் தாராளமாகப் பேசுங்கள். நாடகத்தைப் பற்றி வாதாடுவதுபோல் வேட்பாளரைப் பற்றியும் வாதாடுங்கள். முதல் தடவை வாக்களிக்கப் போகும் மகனையும் மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுங்கள். ஆனால் வாக்களித்துவிட்டு வருகிறவரிடம், "எதில் போட்டாய்?" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் இருப்பதே நம் வீட்டுப் பெண்களுக்கு நாம் செய்யும் மரியாதை.